உதவி: பீட்டிலில் ஃபில்டர் போட்ட பிறகு ஒயில் சீறுகிறது, அவசரம்

மலைநாட்டு_பீட்டில் (நுவரெலியா):
போன கிழமை என் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் எஞ்சினுக்கு ஒயில் ஃபில்டர் போட்டேன். நேற்றுக் காலை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தேன், ஃபில்டர் ரப்பர் வாஷர் ஒரு பக்கம் பிதுங்கி சைலன்சர் முழுக்க ஒயில். புது வாஷர் போட்டேன், இன்றும் அதே கதை. சூடானால் சொட்டுக்கூட ஒழுகுவதில்லை. ஞாயிறு கல்யாணத்துக்கு இந்தக் கார்தான் போகணும்.

கராஜ்_மச்சான்:
எந்த வருஷ எஞ்சின்? என்ன ஒயில் பம்ப், என்ன ஒயில்? ஃபில்டரிலிருந்து ஒயில் எங்கே திரும்புகிறது, பம்ப் மூடிக்கா, இல்லை எஞ்சின் கேஸில் (வெளிக்கூட்டில்) துளை போட்டீர்களா?

வளைகுழாய்:
ஹோஸ் இரண்டையும் மாற்றி மாட்டியிருப்பீர்கள். ஒயில் ஃபில்டரின் ஓரத் துளைகளால் போய் நடுத்துளையால் வரவேண்டும். தலைகீழானால் உள்ளே இருக்கிற ரப்பர் தடுப்பு மூடிக்கொண்டு வாஷரைப் பிதுக்கும். எனக்கே நடந்தது.

பழைய_கை:
ஃபோக்ஸ்வாகன்காரன் இந்த எஞ்சினை ஃபில்டர் இல்லாமல்தான் செய்தான். அடியில் ஒரு வலை, 2.5 லீட்டர் ஒயில், 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். கையேட்டைப் படிக்காமல் ட்ரில்லைத் தூக்கும் தம்பிமாருக்கு எத்தனை தடவை சொல்வது?

கராஜ்_மச்சான்:
அண்ணை, வலை பெரிய துகளைத்தான் பிடிக்கும். பொடி நேரே பெயரிங்குக்குப் போகும். நான் பிரித்த எஞ்சின் ஒன்றில் மெயின் பெயரிங்கில் விரலை ஓட்டினால் நகம் சிக்கியது, அவ்வளவு கீறல்.

பழைய_கை:
அது நேரத்துக்கு ஒயில் மாற்றாதவனின் எஞ்சின். ஃபில்டர் மீது பழி போடாதே, வலை மீதும் போடாதே.

மலைநாட்டு_பீட்டில்:
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 1972, 1600 எஞ்சின். புதுசாகப் பெரிய 30 மி.மீ. பம்ப். ஒயில் 20டபிள்யூ50, தடிப்பானது. பம்ப் மூடியிலிருந்து ஃபில்டர், அங்கிருந்து கேஸில் போட்ட துளைக்கு. ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் லைட் உடனே அணைகிறது.

தேயிலைச்சாலை:
லைட் அணைகிறதென்றால் ஹோஸ் சரி. அழுத்தம் கூடினால் திறந்து குறைக்கும் பிரஷர் வால்வு கேஸுக்குள் இருக்கிறது. நீங்கள் மூடியிலிருந்தே எடுத்ததால், ஒயில் ஃபில்டரைத் தாண்டிய பிறகுதான் அந்த வால்வுக்கு வருகிறது. நுவரெலியாக் குளிரில் ஒயில் தேன் மாதிரி. 30 மி.மீ. பம்ப் தள்ளும் அழுத்தம் முழுவதும் முதலில் அந்த வாஷரில்தான் விழும். வால்வோடு வரும் பம்ப் மூடி இருக்கிறது, கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் பழைய பம்புக்கே திரும்புங்கள், ஆனால் அதிலிருந்து கேஸுக்குள் ஒயில் போகும் துளையை அடைக்க மறக்க வேண்டாம், மறந்தால் ஒயில் ஃபில்டருக்குப் போகாமல் நேரே கேஸுக்குள் போகும். ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடம் ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதீர்கள்.

வளைகுழாய்:
சரி, என் கணிப்புப் பிழை. ஒயிலை இன்னும் மெல்லிய 10டபிள்யூ40 ஆக்கினாலும் குளிரில் உதவும்.

கராஜ்_மச்சான்:
அந்த ஒயிலோடு கொழும்புக்கு இறங்கினால் சூட்டில் லைட் மினுங்கும். ஒயிலை விடுங்கள், பம்பைப் பாருங்கள்.

பழைய_கை:
ஃபில்டரைக் கழற்றினால் இரண்டு பிரச்சினையும் இல்லை.

மலைநாட்டு_பீட்டில்:
பழைய 26 மி.மீ. பம்ப் பெட்டியில் இருந்தது, துளையை அடைத்து மாட்டினேன். மூன்று காலையாகச் சொட்டு இல்லை. கல்யாணத்துக்கும் போய் வந்தாச்சு. நன்றி அண்ணே.