தெர்மோஸ்டாட்டைக் கழற்றினா வண்டி குளிருமா?

புதுஜிம்னி: அண்ணன்மாரே, போன மாசம் ஜொகூர்ல கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்துச் சேத்துல என் சுசுகி ஜிம்னி (சின்ன ஜீப்) கொதிச்சுப் போச்சு. 2 அங்குலம் தூக்கியிருக்கேன், பெரிய டயர், முன்னாடி வின்ச் (சேத்துல மாட்டினா இழுக்கிற கயிறு மெஷின்), அதுக்கு மேல நாலு லைட். நெடுஞ்சாலையில 110ல போனா ஒண்ணும் ஆகல. லோ கியர்ல ஊர்ந்தாத்தான் சூடு ஏறுது. என்ன செய்யலாம்?

உட்லண்ட்ஸ்_டீசல்: தம்பி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடு, அதான் தண்ணி ரேடியேட்டருக்குப் போற வழியில சூட்டுக்குத் திறக்கிற வால்வு. பனி கொட்டுற ஊர்ல எஞ்சினைச் சூடேத்த வச்ச சாமான் அது. நம்ம ஊர்ல எதுக்கு? நான் கழற்றி 6 வருஷமாச்சு. டாஷ்போர்டுல சூடு காட்டுற முள்ளு பாதியைத் தாண்டினதே இல்ல.

சேத்துக்குதிரை: இதைப் படிச்சதும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. 6 வருஷமா எல்லாப் புதுப் பசங்களுக்கும் இதே மருந்துதான். தம்பி, கழற்றாதே. நிறைய எஞ்சின்ல தெர்மோஸ்டாட்டுக்கு அடியில ஒரு தட்டு இருக்கும். மேல்வாய் திறக்கத் திறக்க அந்தத் தட்டு இறங்கி பைபாஸ் ஓட்டையை அடைக்கும். மொத்தமாக் கழற்றிட்டா அந்த ஓட்டை எப்பவும் திறந்தே கிடக்கும். தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாம சூட்டோட திரும்ப எஞ்சினுக்குள்ள வரும். பழைய சட்டியில தண்ணி ஊத்தி, என் தெர்மோஸ்டாட்டை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட உக்காந்து பார்த்தவன் நான். 82 டிகிரியில மெல்ல அசைஞ்சுது. 95ல தட்டு 8 மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு. கண்ணால பார்த்தது.

உட்லண்ட்ஸ்_டீசல்: சட்டியில வேக வச்சவர் எனக்குப் பாடம் நடத்துறார். என் எஞ்சின்ல பைபாஸே கிடையாது.

சேத்துக்குதிரை: எந்த எஞ்சின்?

உட்லண்ட்ஸ்_டீசல்: அது எதுக்கு உங்களுக்கு? 6 வருஷம் ஓடுது. அது போதாதா?

ஈசூன்காரன்: குதிரை அண்ணன் சொல்றது சரிதான். கழற்றினா தண்ணி ரொம்ப வேகமா ஓடும், ரேடியேட்டர்ல சூடு இறங்க நேரமே கிடைக்காது. அதான் கொதிக்குது.

சேத்துக்குதிரை: ஈசூன், என் பக்கம் பேசுறேன்னு தப்பாப் பேசாதீங்க. வேகமாப் போற தண்ணி அவ்வளவு சீக்கிரம் திரும்பவும் ரேடியேட்டருக்கு வருமே! ஓட்டம் கூடினா சூடு கூடுதலாத்தான் இறங்கும். தே தாரேக்கை (இழுத்து ஆத்துற டீ) நிதானமா ஒரு தடவை ஊத்தினா ஆறுமா, சரசரன்னு பத்துத் தடவை ஆத்தினா ஆறுமா? குத்தம் வேகத்துல இல்ல. பைபாஸ்ல.

ஈசூன்காரன்: ஆதரவு சொல்ல வந்தவனையும் அடிக்கிறீங்க. 15 வருஷம் வொர்க்ஷாப்ல கை கறுத்தவன் நான். நீங்க ஆபீஸ்ல உக்காந்து படிச்சவர்.

சேத்துக்குதிரை: கை கறுத்தா கணக்கு மாறிடுமா? பைபாஸைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுங்க.

ஈசூன்காரன்: பைபாஸ் இருக்கட்டும். குவா மூசாங் போனப்ப ஆத்தோரம் நீங்க மாட்டிக்கிட்டீங்களே, அப்ப வண்டியை இழுக்கக் கொடுத்த ரெண்டு ஷேக்கிள் (இரும்புக் கொக்கி வளையம்) எங்கே?

சேத்துக்குதிரை: அதுல ஒண்ணு வளைஞ்சிருந்துச்சு, அப்பவே காட்டினேன். அதை இங்க இழுக்காதீங்க. டீசல் அண்ணே, இன்னொண்ணு கேட்டுக்குங்க. எஞ்சின் சூடு ஏறாமலே ஓடினா எண்ணெய் கெட்டியாவே நிக்கும், உள்ள தேயும். பெட்ரோல் வண்டின்னா கம்ப்யூட்டர் இன்னும் சூடாகலன்னு நெனச்சு பெட்ரோலைக் கூடுதலா ஊத்தும், பி0128னு கோளாறு எண் காட்டும். முள்ளை நம்பாதீங்க. நிறைய வண்டியில முள்ளு நடுவுல ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், உள்ள 15 டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாது. வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடர் மாட்டிப் பாருங்க.

உட்லண்ட்ஸ்_டீசல்: என்னது டீசல் வண்டி. பெட்ரோல் கதை எனக்கெதுக்கு? முள்ளு பாதியைத் தாண்டல.

புதுஜிம்னி: அண்ணே, நான் என்னதான் வாங்கணும்?

சேத்துக்குதிரை: வாங்காதே. முதல்ல கழுவு. நெடுஞ்சாலையில காத்து தானா அடிச்சு ஏறும், ஊர்ந்து போறப்ப விசிறி மட்டும்தான் இழுக்கணும். உன் வண்டியில வின்ச்சும் லைட்டும் முகத்தை மறைக்குது. லைட்டை மேல மாத்து. விசிறியைச் சுத்தி இருக்கிற கூடு உடைஞ்சிருந்தா விசிறி தள்ளின சூட்டுக் காத்தையே திரும்ப இழுக்கும். கிளட்ச் விசிறின்னா, கொதிக்கிற எஞ்சினை அணைச்சுட்டுக் கையால சுத்திப் பாரு. தடையே இல்லாம லேசாச் சுத்திக்கிட்டே இருந்தா கிளட்ச் போச்சு. கூலண்ட்ல பாதிக்குப் பாதி கலக்கிறது பனி ஊர்க் கணக்கு. கூலண்ட்ல இருக்கிற கிளைகால் (உறையாம இருக்கச் சேர்க்கிறது) கூடினா தண்ணி சூட்டைத் தூக்குறது குறையும். துருப்பிடிக்காம இருக்கத் தேவையான அளவு போதும், டப்பாவுல போட்டிருக்கும். வெறும் தண்ணி மட்டும் ஊத்திடாதே. ரேடியேட்டர் மூடியோட ரப்பரையும் பாரு. அழுத்தம் நிக்கலன்னா தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும்.

உட்லண்ட்ஸ்_டீசல்: இவ்வளவு நீட்டினதுக்கு ஒரு போல்ட்டைக் கழற்றினா வேலை முடிஞ்சிருக்கும்.

சேத்துக்குதிரை: பைபாஸ்!

ஈசூன்காரன்: ஷேக்கிள்!

புதுஜிம்னி: இன்னிக்குச் சாயங்காலம் ரேடியேட்டரை எஞ்சின் பக்கத்துலேர்ந்து முன்பக்கமாக் கழுவினேன். அதுக்கும் ஏர்கான் கண்டென்சருக்கும் நடுவுல செம்மண் ஓடு ஓடாப் பேந்து விழுந்துச்சு. ஒரு வாளி இருக்கும். படம் போட்டிருக்கேன்.

உட்லண்ட்ஸ்_டீசல்: சனிக்கிழமை காலை 6 மணிக்குப் ஜொகூர் பாலத்தைத் தாண்டி முதல் பெட்ரோல் பம்ப்ல நிப்பேன். தைரியம் இருந்தா ரீடரை எடுத்துட்டு வாங்க.

சேத்துக்குதிரை: வர்றேன். ஆனா தெர்மோஸ்டாட் இருந்த ஹவுசிங்கைத் திறந்து காட்டணும். ஓட்டை இருக்கா இல்லையான்னு என் கண்ணால பார்க்கணும்.

உட்லண்ட்ஸ்_டீசல்: என் வண்டியை எவனும் திறக்க வேண்டாம். 6 வருஷம் ஓடுது.

சேத்துக்குதிரை: எஞ்சின் பேரைச் சொல்லுங்க.

ஈசூன்காரன்: சனிக்கிழமை நானும் வர்றேன். ரெண்டு ஷேக்கிளையும் கொண்டு வாங்க, வளைஞ்சதையும் சேர்த்து.