புதுப்பிப்பு: ஏற்றத்தில் வழுக்கிய என் நீலகிரி மலை ரயில் இன்ஜின்

போன மாதம் எழுதியிருந்தேன்: 1:87 அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு) நான் செய்த, நீலகிரி ரயிலின் எக்ஸ் வகை நீராவி இன்ஜின் மாதிரி, 12 மி.மீ. அகலத் தண்டவாளத்தில், 12-க்கு 1 ஏற்றத்தில் (12 அடிக்கு 1 அடி உயர்வு) மூன்று பெட்டிகளைத் தள்ள முடியாமல் சக்கரம் வழுக்கியது. பல்சக்கரத் தண்டவாளம் (இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏற, நடுவில் போடும் பற்கள் உள்ள தண்டவாளம்) போடுங்கள் என்று சிலரும், எடையைப் பாருங்கள் என்று ஒருவரும் சொன்னீர்கள். எடைதான் காரணம்!

எடைக்காக வைத்த ஈயக் குண்டுகளை எல்லாம் பின்னால் நிலக்கரிப் பெட்டியில் திணித்திருந்தேன். இந்த இன்ஜினுக்கு எட்டு இயக்கு சக்கரங்கள், பின்னால் இரண்டு சிறிய சக்கரங்கள். பாரம் முழுக்க அந்தச் சின்னச் சக்கரங்களில் போய் உட்கார்ந்து, முன்பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. இப்போது இரு பக்கத் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் மாற்றிவிட்டேன். பிடிமானம் அப்படியே மாறிவிட்டது. ஈயத்தை ஒட்ட வெள்ளைப் பசை மட்டும் வேண்டாம். நாளடைவில் ஈயம் அரித்து உப்பி, தொட்டியையே பிளந்துவிடும். நான் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்து ஒட்டும் பசை) போட்டேன்.

அப்புறம் பெட்டிகள். அசல் கல்லாறு–குன்னூர் பாதையில் இன்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுவதால், என் மாதிரியிலும் அப்படியே தள்ளவிட்டேன். அதில் இலேசான பெட்டி வளைவில் தடம் விட்டு ஏறியது. பெட்டியின் தரைக்கு அடியில் இரும்புத் தகடு ஒட்டியதும் சரியானது.

நடுவில் ஓடும் பல் தண்டவாளத்தை அலங்காரமாக மட்டும் வைத்திருக்கிறேன். அசலில் மேலே இருக்கும் தாழ் அழுத்த சிலிண்டர்கள்தான் (ஒருமுறை வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவியில் இயங்குபவை) பல்சக்கரத்தைச் சுழற்றும். அந்த சிலிண்டர்களையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் தண்டுகளைப் பித்தளையில் செய்யத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பக்கம் முடிந்தது, பார்க்கவே அவ்வளவு அழகு.