ஊர்வு நயம், கைவாகு, ஓட்டப்பதம்: கார் ஓட்டம் குறித்த மூன்று சொற்கள்

அன்புடையீர், வணக்கம்.

கார் குலுங்காமல் செல்வதையும் வளைவுகளில் துடிப்பாகத் திரும்புவதையும் ஒருங்கே குறிக்க, ‘சொகுசு–விளையாட்டுச் சமநிலை’ என்னும் தொடரை நம் குழுவின் கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொகுசு என்றதும் தோல் இருக்கையும் குளிர்சாதனமும் நினைவுக்கு வருமே ஒழிய, சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே அமர்ந்திருப்பவரின் உடலுக்கு என்ன நேர்கிறது என்பது வராது. விளையாட்டு என்பதைத் தமிழர் யாரும் ஓட்டத்தின் பண்பாகச் சொல்வதில்லை. ‘விளையாட்டுத்தனமாக ஓட்டுகிறான்’ என்றால் பொறுப்பில்லாமல் ஓட்டுகிறான் என்றே பொருள். சமநிலையோ இயற்பியல் பாடநூல்களில் வேறொரு பொருளில் வேரூன்றிவிட்ட சொல். அதோடு, ஒரு தட்டு ஏறினால் மறுதட்டு இறங்கியே தீரும் என்ற எண்ணத்தையும் அது விதைக்கிறது. கார் வடிவமைப்பில் அது பாதி உண்மைதான். எந்தப் பாதி உண்மை என்பது தெரிந்தால் சொல்லைத் தேர்வது எளிதாகும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில் வாகன உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் பணியாற்றி, இப்போது கிருஷ்ணகிரியில் வசிப்பவன் நான். எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் இதையெல்லாம் ஏற்கெனவே தெளிவாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ‘தூக்கிப் போடுது’, ‘மெத்துன்னு போகுது’ என்பவை ஒரு வகை. ‘ரோட்டைப் புடிச்சுப் போகுது’ என்பது இன்னொன்று. ‘சொன்னபடி கேக்குது’ என்பது மூன்றாவது. முதலாவது அமர்ந்திருப்பவர் உணர்வது, இரண்டாவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உறவு, மூன்றாவது ஓட்டுநரின் கைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள உறவு. பொறியியலும் இதே மூன்றாகத்தான் பிரிக்கிறது. நம் பட்டியலில் மட்டும் பின்னிரண்டும் ‘கையாளுதல்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன.

முதலில் குலுக்கலைப் பார்ப்போம். காரின் உடற்பகுதி வில்களின் மேல் நிற்கிறது. அதை அழுத்தி விட்டால் தனக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் ஏறி இறங்கும். இதமாக ஓட வேண்டிய கார்களில் இது ஏறத்தாழ 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை முறை) வரையிலும், துடிப்பான ஓட்டத்துக்கென்று அமைத்த கார்களில் 2 ஹெர்ட்ஸ் வரையிலும் இருக்கும். எண்ணில் சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு வில்லில் எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள். 1 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால், சீரான வில் ஒன்று, அதாவது பாரம் கூடும் அதே விகிதத்தில் அமுங்கும் வில், காரின் எடையாலேயே சுமார் 25 சென்டிமீட்டர் அமுங்கி நிற்க வேண்டும்; 2 ஹெர்ட்ஸுக்கு 6 சென்டிமீட்டர் போதும். அதிர்வெண் இரட்டித்தால் வில்லின் விறைப்பு நான்கு மடங்காகிறது. வில் விறைக்க விறைக்க, அதிர்வு மனித உடல் செங்குத்துத் திசையில் மிகவும் கூச்சப்படும் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை நெருங்குகிறது. உடல் அதிர்வை அளக்கும் பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 2631 இப்பகுதிக்குத்தான் அதிக முக்கியத்துவம் கொடுக்கிறது. ஆனால் வில்லை அளவின்றி மென்மையாக்கிக்கொண்டே போவதும் இதமாகாது. 0.5 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் படகில் போவதுபோல் தலைசுற்றலும் குமட்டலும் வந்துவிடும்.

எங்கள் ஊரில் இதைக் கண்ணால் காண வேண்டுமென்றால் ராயக்கோட்டைச் சாலையில் நின்றால் போதும். தக்காளிப் பெட்டிகளை அடுக்கிச் சந்தைக்கு வரும் பிக்கப் வண்டி வேகத்தடையில் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே வண்டி, அதே தடையில், பின்சக்கரம் தத்தும்படி குதிக்கிறது. காலிப் பெட்டிகள் கடகடவென்று அடித்துக்கொள்கின்றன. பாரத்துக்கென்று விறைப்பாக அமைத்த வில்பட்டைகள், பாரம் இல்லாதபோது இருக்க வேண்டியதைவிட மிகவும் கெட்டியாகிவிடுகின்றன. பின்னச்சின் மேல் வரும் பாரம் மூன்று மடங்கானால், வில் சீரானது என்று கொள்ளும்போது, அதிர்வெண் ஏறத்தாழ 1.7-ஆல் வகுத்த அளவுக்கு இறங்கும். ஆகவே ஊர்வின், அதாவது வண்டியில் அமர்ந்து செல்வதன், தன்மை வண்டிக்குள் நிலையாக இருப்பதன்று. பாரம், சாலை, வேகம் ஆகிய மூன்றையும் பொறுத்து மாறுவது. நாம் ஆக்கும் சொல் இந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

இனி அந்தத் தராசுக்கு வருகிறேன். வில்லைக் கெட்டியாக்கினால் கார் வளைவில் நன்றாகப் போகும், ஆனால் குலுக்கும் என்பதே பொதுவான எண்ணம். வளைவில் போகும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எடை மாறுகிறது. அந்த மாற்றத்தின் மொத்த அளவு காரின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், திருப்பத்தின் கடுமை ஆகியவற்றைப் பொறுத்தது; வில்லின் விறைப்பு அதைப் பெரிதாக மாற்றுவதில்லை. வில் மாற்றுவது சாய்வின் அளவையும், அந்த எடை முன்னும் பின்னும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும், எவ்வளவு விரைவில் வண்டி நிலைகொள்கிறது என்பதையும்தான். மறுபுறம், டயரின் மேல் விழும் எடை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அதன் சராசரிப் பிடிப்பு குறையும். ஒட்டுப்போட்ட சாலையில் மிக விறைப்பான வில்லுள்ள கார் சாலையை விட்டுத் தத்தித் தத்திப் போவதால், குலுக்கலையும் தருகிறது, பிடிப்பையும் இழக்கிறது. அங்கே மென்மையான வில்தான் இரண்டுக்கும் நல்லது.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் காடிலாக் கார் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் மாரிஸ் ஓலி, எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய சோதனைக் காரைக் கொண்டு, முன்வில் பின்வில்லைவிட மென்மையாக இருக்க வேண்டும் என்று காட்டினார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறுகிறது. பின்பகுதியின் அதிர்வெண் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அது முன்பகுதியின் ஆட்டத்தை எட்டிப் பிடித்துவிடும். மூக்கு எழும்பி வால் தாழும் ஆட்டம், உடல் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்கும் ஆட்டமாக மாறிவிடும். ஆனால் முன்னால் ஒற்றை அச்சு இருந்த அக்காலக் கார்களில் முன்வில்லை மென்மையாக்கினால் ஸ்டியரிங் உதறத் தொடங்கியது. 1934-ஆம் ஆண்டுக் கார்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு வந்த பிறகே இச்சிக்கல் தீர்ந்தது. குலுக்கலும் குறைந்தது, ஸ்டியரிங்கும் செம்மையானது. பின்னாளில் பிரிட்டனின் லோட்டஸ் கார் நிறுவனத்தின் காலின் சாப்மன், மென்மையான வில்லையும் அதற்கேற்ற தணிப்பையும் (வில்லின் ஆட்டத்தை அடக்குவதையும்) கொண்டே வளைவுகளில் பெயர்பெற்ற கார்களைச் செய்தார்.

உண்மையான இழுபறி வேறிடத்தில், ஷாக் அப்சார்பரில் இருக்கிறது. பாடநூல்களில் ‘தடையுறு அலைவு’ என்று படித்த அதே செய்திதான் இது. தொழில்நுட்ப எழுத்தில் ‘தணிப்பு’ என்ற சொல் எளிதாகப் புழங்கும் என்பதால் அதையே பயன்படுத்துகிறேன். 1 ஹெர்ட்ஸை ஒட்டிய மெதுவான ஆட்டத்தில் தணிப்பு கூடக் கூட உடலுக்கும் நல்லது, ஓட்டுநருக்கும் நல்லது. வண்டி அலையாமல் நிற்கும். 10 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையில் சக்கரமே தனியாகத் தத்தும்போதும் தணிப்பு உதவுகிறது. இவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில், உடல் மிகவும் கூச்சப்படும் அதே 4 முதல் 8 ஹெர்ட்ஸில், கூடுதலான தணிப்பு சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பையும் நேரே இருக்கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரே உறுப்பு ஓரிடத்தில் நன்மையும் இன்னோரிடத்தில் தீமையும் செய்கிறது. வண்டி இறங்கு சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று கொள்வோம். வேகத்தைக் குறைக்கப் போட்ட வரிகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால், சக்கரத்துக்கு விழும் அடி நொடிக்கு 10. அது சக்கரம் தத்தும் அதிர்வெண்ணோடு பொருந்திவிடும். தொப்பூர்க் கணவாய் போன்ற வளைந்து இறங்கும் சாலையில் அந்நேரத்தில் பிரேக்கும் திருப்பமும் சேர்ந்தால், தணிப்புக் குறைந்த வண்டி டயரின் பிடிப்பை விட்டுவிடும். அவ்விடத்தில் குலுக்கலைத் தாங்கிக்கொண்டாவது தணிப்பைக் கூட்டத்தான் வேண்டும் என்பேன்.

டயரைப் பற்றியும் ஒரு சொல். டயர் அளவில் முதல் எண் அகலம் (மில்லிமீட்டரில்), இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 165/80 அளவுள்ள டயரின் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர், 195/55 அளவுள்ளதில் 107 மில்லிமீட்டர். அழகுக்காகப் பெரிய அலாய் சக்கரம் மாட்டுவோர் இழப்பது இந்த 25 மில்லிமீட்டர் காற்றுமெத்தையைத்தான்.

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு மூன்று சொற்களை முன்வைக்கிறேன்.

முதலாவது ‘ஊர்வு நயம்’. ‘பயண இதம்’ என்ற முந்தைய பரிந்துரை காதுக்கு இனியது, ஆனால் பேருந்து விளம்பரத்தில் படுக்கை வசதிக்கும் அதையே சொல்வார்கள். ‘ஊர்வு இதம்’ என்று வைத்தால் புணர்ச்சியில் ‘ஊர்விதம்’ ஆகி வேறு பொருளுக்குப் போய்விடும். நயம் நம் சந்தைகளில் நாள்தோறும் புழங்கும் சொல். நயமான சரக்கு, நயம் பருப்பு என்கிறோம். தரத்தைக் குறிப்பதோடு, உடலால் உணரும் மென்மையும் அதில் இருக்கிறது. ஊர்வு என்றால் பாம்பு ஊர்வது நினைவுக்கு வரும் என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். ஊர்தி, அவசர ஊர்தி என்னும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. பல்லக்கில் அமர்ந்து செல்பவனைக் குறள் ‘ஊர்ந்தான்’ என்றே சொல்கிறது. வாகனத்தின் மேல் அமர்ந்து செல்லும் அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது ‘கைவாகு’. அரிவாளோ மண்வெட்டியோ வாங்கும்போது கைவாகாக இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்கிறோம். கருவி கையின் எண்ணத்துக்கு இணங்குவதே கைவாகு. கார் ‘சொன்னபடி கேட்பது’ இதுதான். பிடிப்பு என்ற சொல்லை டயருக்கே விட்டுவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஏனெனில் பிடிப்பு மிகுந்தும் கைவாகு இல்லாத கார்கள் உண்டு: எல்லை வரை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னறிவிப்பே இல்லாமல் திடீரென்று வழுக்கிவிடும். பிடிப்புக் குறைவாக இருந்தும், வழுக்கப் போவதை ஸ்டியரிங் வழியாக முன்கூட்டியே சொல்லிவிடும் கார்களும் உண்டு. இவற்றில் எது பாதுகாப்பானது என்று கணவாயில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ‘துடிப்பான கைவாகு’ என்றால், நண்பர் விளையாட்டு என்ற சொல்லால் குறிக்க முயன்றது கிடைத்துவிடும். திருப்பியதைவிடக் குறைவாகத் திரும்புவதைத் திருப்பக் குறை என்றும், கூடுதலாகத் திரும்புவதைத் திருப்ப மிகை என்றும் சொல்லலாம்.

மூன்றாவது ‘ஓட்டப்பதம்’. பழைய கார் வாங்கச் செல்பவர் ‘ஓட்டம் எப்படி?’ என்று கேட்கும்போது குலுக்கலையும் பிடிப்பையும் கைவாகையும் சேர்த்தே கேட்கிறார். பதம் என்பது வெல்லம் காய்ச்சுபவர் பாகில் பார்ப்பது. முன்னால் இறக்கினாலும் தவறு, பின்னால் இறக்கினாலும் தவறு. கரும்புக்கும் பருவத்துக்கும் ஏற்ப அது மாறும். ஒன்றை விட்டுக்கொடுத்து இன்னொன்றைப் பெறுவது என்ற எண்ணம் அதில் இல்லை. அதனால்தான் ‘சமரசம்’ என்ற மாற்றுப் பரிந்துரையையும் நான் ஏற்கவில்லை. இச்சொல் கிளைக்கவும் செய்யும்: பதப்படுத்தல் உணவுக்குப் போய்விட்டதால் ‘பதமமைத்தல்’ என்று வினையாக்கலாம். ஓடும்போதே தணிப்பை மாற்றிக்கொள்ளும் அமைப்புகளை ‘மாறுபத வில்லமைப்பு’ எனலாம். 2002-இல் காடிலாக் காரில் வந்த, இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தப்புலத்தால் கெட்டியாக்கித் தணிப்பைக் கூட்டும் அமைப்பு இந்த வகையைச் சேர்ந்தது.

வில்லமைப்பு என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இணையக் கட்டுரைகளில் காரின் ‘சஸ்பென்ஷன்’ என்பதற்கு ‘இடைநீக்கம்’ என்று போடுகிறார்கள். அது ஊழியரை வேலையிலிருந்து நிறுத்திவைக்கும் சொல், இயந்திர மொழிபெயர்ப்பு கொண்டுவந்து சேர்த்தது. அதை எந்த வடிவிலும் பட்டியலில் விடக் கூடாது. ‘தொங்கல்’ என்பதும் பொருந்தாது, இன்றைய காரின் உடல் எதிலும் தொங்குவதில்லை. வில்வண்டி என்று நம் முன்னோர் வைத்த பெயரில் வில் ஏற்கெனவே இருக்கிறது. ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து; தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் ஓசூர்ப் பட்டறைகளில் அவை தடையின்றிப் புழங்குகின்றன.

சக்கரம் மட்டும் தனியாக அதிர்வதற்குச் ‘சக்கரத் தத்தல்’ என்ற சொல்லை அடுத்த பட்டியலில் சேர்க்கக் கோருகிறேன். மூக்கு எழும்பி வால் தாழும் ஆட்டத்துக்கு மட்டும் ‘முன்பின் ஆட்டம்’ என்பதைவிடச் செறிவான சொல் தேவைப்படுகிறது. லாரித் தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள், குறிப்பாக நாமக்கல், சங்ககிரி நண்பர்கள், தங்கள் ஓட்டுநர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.