தோ பாயோவிலிருந்து பொங்கோலுக்கு: அம்மாவின் நினைவாற்றலுக்குப் பேட்டையின் அமைப்பு முக்கியமா?

கேள்வி: கயல்விழி

எங்கள் அம்மாவுக்கு வயது 76. அப்பா காலமான பிறகு சிங்கப்பூரின் தோ பாயோ லோரோங் 8-க்கு அருகிலுள்ள பழைய மூவறை வீட்டில் தனியே வசிக்கிறார். அவருக்கு இலேசான அறிவாற்றல் குறைபாடு இருப்பதாகவும், அது முதுமை மறதி நோயாக முற்றலாம், முற்றாமலும் போகலாம் என்றும் மருத்துவர் அண்மையில் கூறினார். நானும் அண்ணனும் பொங்கோலில் இருப்பதால், எங்கள் புளோக்கிற்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கி அவரை அழைத்துக்கொள்ள எண்ணுகிறோம். அகலமான நடைபாதை, நீர்வழிப் பூங்கா, உடற்பயிற்சி மூலை என எல்லாம் அங்கிருப்பதால் அம்மா இன்னும் நன்றாக நடமாடுவார் என்பது அண்ணனின் வாதம்.

எனக்குத்தான் தயக்கம். அம்மா இப்போது தினமும் காலையில் வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, ஈரச்சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு, புளோக்கின் கீழ்த்தளத்தில் தெரிந்தவர்களுடன் பேசிவிட்டு வீடு திரும்புகிறார். நடக்கும்படி யாரும் அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேட்டையின் அமைப்பு முதியவரின் சிந்தனைத் திறனை உண்மையிலேயே பாதிக்குமா, அல்லது பிள்ளைகள் அருகில் இருந்தாலே போதுமா? நாங்கள் பார்த்துள்ள வீடு விரைவுச்சாலையை ஒட்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நகரமைப்பாளன்

உங்கள் கேள்விக்கான விடையில் பாதி, அம்மாவின் காலைப்பொழுதை நீங்கள் விவரித்த விதத்திலேயே இருக்கிறது. நடைப்பயிற்சிக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆய்வுகளில் 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒன்று பெரிதும் பேசப்படுகிறது. அதில் 120 முதியவர்களில் ஒரு பிரிவினர் ஓராண்டு முறையாக நடந்தபோது, நினைவுக்கும் வழியறிதலுக்கும் பொறுப்பான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி அவர்களுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது. நடக்காமல் தசைநீட்டல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. ஆனால் அவர்கள் ஆய்வுக்கூடத்தாரின் மேற்பார்வையில் நடந்தவர்கள். மேற்பார்வை இல்லாத முதியவரை வீட்டைவிட்டு வெளியே வரவைப்பது பூங்காவைவிடப் போய்ச் சேர ஓர் இடமும், அங்கே அவரை எதிர்பார்க்கும் நான்கு பேரும்தான் என்பது என் கருத்து. வீட்டு விளம்பரங்களில் உடற்பயிற்சி மூலைக்குத் தரப்படும் இடம் எனக்கு எப்போதுமே சற்று மிகையாகத் தோன்றும்.

இன்னொன்று, வழி புரிதல். எலிசபெத் பர்ட்டன், லின் மிட்செல் இருவரும் இங்கிலாந்தில் மறதி நோய் உள்ளவர்களுடன் தெருக்களில் நடந்து பார்த்து ஆராய்ந்தபோது, அவர்கள் வரைபடத்தையோ மனத்திலுள்ள திட்டத்தையோ நம்பி வழி தேடுவதில்லை என்றும், மணிக்கூண்டு, அஞ்சல்பெட்டி, தனித்தன்மை கொண்ட கட்டடம் போன்ற அடையாளங்களைப் பிடித்துக்கொண்டே செல்கிறார்கள் என்றும் கண்டனர். ஒன்றுபோல் நிற்கும் கட்டடங்கள் அவர்களைக் குழப்பின. இந்தக் கண்ணோடு பொங்கோலைப் பாருங்கள்: ஒரே நிறம், ஒரே உயரம், நடுவில் பலமாடி வாகன நிறுத்தம், 312ஏ, 312பி, 312சி என்று எழுத்தில் மட்டும் மாறும் எண்கள். உங்கள் அம்மாவுக்குத் தோ பாயோவில் எண்ணே தேவைப்படாது. கோயில் கோபுரமும் சந்தையும் வளைந்து செல்லும் லோரோங் சாலையும் போதும்.

பதில்: ஐயப்பேர்வழி

மேலே சொன்னதை மறுக்கவில்லை, ஆயினும் ஓர் எச்சரிக்கை. நடக்க ஏற்ற பேட்டைகளில் முதியவர்களின் அறிவாற்றல் நன்றாக இருப்பதாகக் காட்டும் ஆய்வுகளில் பல, ஒரே காலகட்டத்தில் எடுத்த தகவல்களை ஒப்பிடுபவை. நலமாக இருப்பவர்களே அத்தகைய இடங்களைத் தேடிப் போகிறார்களா, இடம்தான் அவர்களை நலமாக வைத்திருக்கிறதா என்பதை அவற்றால் பிரித்துச் சொல்ல இயலாது.

விரைவுச்சாலையைப் பற்றிக் கேட்டீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், பெருஞ்சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வசித்தவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, தொலைவில் வசித்தவர்களைவிட ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தனி ஒருவருக்கு இது சிறிய வேறுபாடுதான். இதற்காக அஞ்சி வீட்டைக் கைவிட வேண்டியதில்லை. வேறு தெரிவு இருந்தால் சாலையைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் புளோக்கை எடுக்கலாம்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் மறதி நோய்க்கான, மாற்றியமைக்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. காற்று மாசும் தனிமையும் அதில் இருக்கின்றன, ஆனால் கேட்கும் திறன் குறைவும் பார்வைக் குறைவும் உயர் ரத்த அழுத்தமும்கூட இருக்கின்றன. அம்மாவின் காதைக் கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்? கீழ்த்தளத்தில் நாலு பேர் பேசுவது காதில் விழாவிட்டால் எந்தப் பேட்டையாக இருந்தாலும் அவர் தனிமையில்தான் இருப்பார்.

கயல்விழி

காதுப் பரிசோதனை செய்ததே இல்லை; இந்த மாதமே அழைத்துச் செல்கிறேன். பொங்கோலில் இருந்து அருகிலுள்ள வேறொரு கோயிலுக்குப் போகவே, பக்கத்துப் பேட்டையான செங்காங்கின் ரிவர்வேல் கிரசெண்ட் வரை ரயிலிலோ பேருந்திலோதான் செல்ல வேண்டும் என்பதால், அம்மா தனியாகப் போகமாட்டார். அண்ணனோ, நோய் முற்றிய பிறகு இடம் மாற்றுவது இன்னும் கொடுமை, இப்போதே மாற்றிவிட வேண்டும் என்கிறார்.

பதில்: தாதி மீனா

உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் உண்டு. புதிய வழியைக் கற்கும் திறன்தான் இந்நோயில் முதலில் தேய்கிறது. பழகிய வழி வெகுநாள் நிலைக்கிறது. ஆகவே மாற்றுவது உறுதியென்றால் இப்போதே மாற்றுங்கள். ஆனால் அம்மாதான் மாற வேண்டும் என்று ஏன் முடிவுசெய்தீர்கள்? உங்கள் இருவரில் ஒருவர் தோ பாயோவில் மறுவிற்பனை வீடு வாங்க இயலுமா என்று பாருங்கள். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கும் குடும்பங்களுக்கு 20,000 வெள்ளி அருகாமை வீட்டு மானியம் உண்டு. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்பதை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) கேட்டறியுங்கள். பிள்ளைகளின் பள்ளி, வேலை காரணமாக இது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கணக்கில் இந்த வழியையும் சேர்த்துப் பாருங்கள்.

பொங்கோல்தான் என்றானால், பூங்காவைப் பார்த்து வீட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மின்தூக்கியிலிருந்து கடைக்கும் உணவங்காடி நிலையத்துக்கும், சாலையைக் கடக்காமலோ ஒரே ஒரு முறை கடந்தோ செல்லும்படியான புளோக்கைத் தேடுங்கள். கடக்க வேண்டியிருந்தால், சமிக்ஞை விளக்கில் மூத்தோர் தம் சலுகை அட்டையைத் தட்டியதும் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரியும் கிரீன் மேன் பிளஸ் வசதி அங்கே உள்ளதா என்று கவனியுங்கள். கெபுன் பாரு வட்டாரத்தில் வீவக புளோக்குகளின் சுவர்களில் பழைய காலப் பொருட்களைப் பெரிதாக வரைந்திருப்பது மறதி உள்ளவர்கள் தம் புளோக்கை அடையாளம் காண்பதற்காகத்தான். உங்கள் புளோக்கில் அப்படி ஓவியம் இல்லாவிட்டாலும், வீட்டு வாசலில் அம்மாவின் பழைய கோலப் பலகையையோ துளசித் தொட்டியையோ வைத்துவிடலாம், நடைபாதையை மறிக்காமல்.

வீடு மாறுவதற்கு முன்பே சில வாரங்கள் அம்மாவை அங்கே அழைத்துச் சென்று, ஒரே நேரத்தில், ஒரே வழியில், ஒரே கடைக்கு நடக்க வையுங்கள். கடைக்காரர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிய பிறகு பெட்டி கட்டலாம்.