கிரிக்கெட் டப்பாவில் குட்டி ஈ, ஸ்ப்ரே அடிக்கலாமா?

அம்பத்தூர்_அரோவானா:
வணக்கம். அரோவானா மீனுக்குத் தீனியா வீட்டிலேயே கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) வளர்க்கிறேன். பெரிய பிளாஸ்டிக் டப்பா, முட்டை அட்டை, கோழிக்குஞ்சுத் தீவனம், தண்ணிக்கு ஈரப் பஞ்சு. மழை ஆரம்பிச்சதுல இருந்து உள்ளே குட்டி ஈ. மூடியைத் திறந்தா மூஞ்சியில மொய்க்குது. கொசு பேட்டால தினம் அடிக்கிறேன், குறையவே இல்ல. ஸ்ப்ரே ஏதாவது அடிக்கலாமா?

பெட்டா_பிரியன்:
வினிகர் பொறி வைங்க ப்ரோ. கிண்ணத்துல வினிகர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், அவ்ளோதான். நான் வளர்த்த பழ ஈ தப்பிச்சப்ப அதான் கை கொடுத்துச்சு.

கொளத்தூர்_பூச்சிக்காரர்:
தம்பி, ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க. ஈயைக் கொல்ற மருந்து கிரிக்கெட்டையும் கொல்லும். அதுல வர்ற பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கும் கடும் விஷம். எறும்பு சாக்பீஸ், கொசு லிக்விட் மெஷின் எதுவும் அந்த ரூம்ல இருக்கக் கூடாது.

முதல்ல எந்த ஈன்னு பாருங்க. கண்ணு செக்கச் செவேல்னு இருந்தா பழ ஈ, பெட்டா தம்பி சொன்ன வினிகர் போதும். கொசு மாதிரி காலு நீளமா, ஒல்லியா இருந்தா ஈர மண்ணுல வர்ற பூஞ்சை ஈ, கிரிக்கெட் முட்டையிட வைக்கிற கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கிண்ணத்துல இருந்து வருது. கூன் முதுகோட, பறக்காம வெட்டி வெட்டி ஓடுச்சுன்னா ஃபோரிட்ங்கிற ஈ. கிரிக்கெட் டப்பாவுல பெரும்பாலும் இதுதான் தொல்லை. வினிகருக்கு அவ்வளவா மசியாது.

சந்தேகமா இருந்தா அட்டையைத் தூக்கி, அடியில செத்துக் கிடக்கிற கிரிக்கெட்டைக் குச்சியால பிளந்து பாருங்க. வயித்துக்குள்ள வெள்ளைப் புழு நெளியும். டப்பா ஓரத்துல பழுப்பா அரிசிக்குருணை சைஸ்ல அந்த ஈயோட கூட்டுப்புழுக் கூடு ஒட்டியிருக்கும். உத்துப் பார்த்தா ரெண்டு கொம்பு தெரியும். இருந்தா ஃபோரிட்டேதான்.

பேட்டால அடிக்கிறது வீண் வேலை. நம்ம ஊர் சூட்டுக்கு ரெண்டு மூணு வாரத்துல அடுத்த செட் ரெடி. அதுக்குத் தேவை ஈரமும் பிணமும். அந்தப் பஞ்சை இன்னைக்கே எடுத்துடுங்க. செத்த கிரிக்கெட், மிஞ்சின தீவனம், கழிவு எல்லாம் அதுல ஊறி நாறும், ஈ வந்து முட்டை வைக்கும். பதிலா கேரட் துண்டு, காலையில வச்சு ராத்திரி எடுத்துடணும்.

அப்புறம் புது டப்பா. பெரிய கிரிக்கெட்டை மட்டும் ஒண்ணொண்ணா மாத்துங்க. பழைய தீவனமோ அடித்தூளோ ஒரு சிட்டிகை கூட வரக் கூடாது. மூடியில கொசுவலை போதாது, இந்த ஈ அந்த வலைக்கண்ணிலேயே நுழைஞ்சிடும். நான் டப்பாவுல ரெண்டு பக்கமும் பெரிய ஓட்டை போட்டு, அது மேல பழைய வேட்டித் துணியை ஒட்டியிருக்கேன். காத்தும் வரும், ஈயும் வராது. மழைக்காலத்துல சின்ன ஃபேன் ஒண்ணு டப்பா பக்கம் ஓடட்டும், அடி காஞ்சாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திடும்.

வெளிய சுத்துற ஈக்கு மஞ்சள் ஒட்டு அட்டை மாட்டுங்க. டப்பாவுக்கு *வெளிய*தான், உள்ளே வச்சா கிரிக்கெட் மாட்டிக்கும்.

அம்பத்தூர்_அரோவானா:
அண்ணே, பிளந்து பார்த்தேன். புழு இருக்கு, கொம்பும் தெரியுது. ரெண்டு கேள்வி. கோகோபீட்ல கிரிக்கெட் முட்டை நிறைய இருக்கு, அதைக் கொட்டிடவா? இந்தக் கிரிக்கெட்டை மீனுக்குப் போடலாமா?

கொளத்தூர்_பூச்சிக்காரர்:
கொட்டாதீங்க. கிண்ணத்தைத் தனி டப்பாவுல வச்சு வேட்டித் துணி கட்டுங்க. சூடா இருந்தா பத்து நாள்ல பொரிஞ்சிடும், ஈ வந்தாலும் அந்த டப்பாவோட போச்சு. குஞ்சு பொரிஞ்சதும் கோகோபீட்டைத் தூக்கிப் போட்டுடுங்க.

உயிரோட துள்ளுறதை மட்டும் மீனுக்குப் போடுங்க. மந்தமா கிடக்கிறது உள்ளே புழு ஏறினதா கூட இருக்கும், அது வேண்டாம்.

பெட்டா_பிரியன்:
முட்டை அட்டையைக் கழுவிக் காய வச்சா திரும்ப ஆகுமா அண்ணே?

கொளத்தூர்_பூச்சிக்காரர்:
மடிப்புக்குள்ள கூடு ஒட்டியிருக்கும், கழுவினா போகாது. முட்டைக் கடையில கேட்டா சும்மாவே குடுப்பாங்க, பழசைக் கொளுத்திடுங்க.