டெனிஸ் எல்போ: ஊசியா பயிற்சியா? 6 கிழமை ஆய்வு போதுமா?

தெஹிவளை_பிசியோ:
இறுதி வருட ஆய்வுக்குத் திட்டம் எழுதுகிறேன். கொழும்பில் ஒரு வெளிநோயாளர் கிளினிக்குக்கு வரும் டெனிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க வலி) நோயாளர்களை (18 வயதுக்கு மேல்) எழுமாறாக இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பக்கம் டொக்டர் போடும் ட்ரையம்சினொலோன் (ஸ்டீரொயிட் மருந்து) ஊசி ஒன்று, மற்றப் பக்கம் பயிற்சி. குழுவுக்கு 20 பேர். 6ஆம் கிழமை வலியை 0 முதல் 10 வரை கேட்டு முடித்துவிடலாம் என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். அறநெறிக் குழுவுக்கு அனுப்ப முதல் ஓட்டைகளைச் சொல்லுங்கோ.

நியம_விலகல்:
6ஆம் கிழமை அளந்தால் ஊசிதான் வெல்லும். அதைக் காட்ட இன்னொரு ஆய்வு தேவையில்லை தம்பி. 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த நெதர்லாந்து ஆய்வில் 185 பேர். 6ஆம் கிழமை ஊசிக் குழுவில் 92% பேருக்குச் சுகம், பிசியோவில் 47%, ஒன்றும் செய்யாமல் பொறுத்துப் பார்த்தவர்களில் 32%. அதே ஆட்கள் 52ஆம் கிழமை: ஊசி 69%, பிசியோ 91%, பொறுத்தவர்கள் 83%. தலைகீழ்! 2013இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த பிரிஸ்பேன் ஆய்விலும் (165 பேர்) ஒரு வருடம் கழித்து ஊசிக்காரரில் 83% பேரும் போலி ஊசிக்காரரில் 96% பேரும் தேறியிருந்தார்கள். வலி திரும்பி வந்தது 54% பேருக்கும் 12% பேருக்கும். வலி சட்டென்று அடங்கினதும் ஆள் பழையபடி பாரம் தூக்குவதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஆகவே முதன்மை அளவீடு 52ஆம் கிழமைதான். 6ஐயும் 12ஐயும் இடையில் வைக்கலாம்.

20 பேர் காணாது. டெனிஸ் எல்போவுக்கென்றே உள்ள பி.ஆர்.டி.ஈ.ஈ. வினாக்கொத்தை எடுங்கோ: 15 கேள்வி, 5 வலிக்கு, 10 அன்றாட வேலைக்கு, மொத்தம் 100, கூடினால் மோசம். 11 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க, நியம விலகல் (ஆளுக்கு ஆள் புள்ளி சிதறும் அளவு) 20 என்றும், 5% பிழைக்கு 1.96, 80% வலுவுக்கு 0.84 என்றும் வைத்தால், 2 × (1.96 + 0.84)² × 20² ÷ 11² = 51.8. குழுவுக்கு 52. ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவர் விட்டுப்போவார் என்று கணக்குப் போட்டால் 65, இரண்டு குழுவுக்கும் 130.

கடித_உறை:
எழுமாறு என்று எழுதினால் போதாது, அடுத்த ஆள் எந்தப் பக்கம் என்பதை எப்படி மறைக்கிறீர்கள் என்று அறநெறிக் குழு கேட்கும். ஒவ்வொருவருக்கும் உரிய பக்கத்தை ஓர் அட்டையில் எழுதி உறைக்குள் வையுங்கோ. எல்லாம் 4 பேர்த் தொகுதியாக (இரண்டு பேர் ஊசி, இரண்டு பேர் பயிற்சி) போனால் மூன்றாவது உறை திறந்தவுடன் நான்காவது எது என்று நிச்சயமாகத் தெரிந்துவிடும். 4ஐயும் 6ஐயும் கலந்து போடுங்கோ. உறை வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் தெரியாத தடிப்பாக, தொடர் இலக்கத்தோடு இருக்க வேணும். உள்ளே காபன் தாள் ஒன்று. திறக்க முதல் உறையின் மேல் நோயாளியின் இலக்கமும் திகதியும் எழுத, அது உள் அட்டையில் பதியும். பிறகு யாரும் மாற்றிப் போட ஏலாது. பட்டியல் நோயாளரைக் காணாத ஒருவரிடம் இருக்கட்டும்.

அடுத்தது நம்மட தோலுக்கு உரிய சிக்கல். முழங்கையின் வெளி எலும்புக்கு மேல் தசையும் கொழுப்பும் குறைவு. ட்ரையம்சினொலோன் மேலோட்டமாக இறங்கினால் சில கிழமைகளில் அந்த இடம் வெளிறும், குழியும் விழும். கறுத்த தோலில் அந்த வெள்ளைத் திட்டு தூரத்திலேயே தெரியும். அளப்பவர் பார்த்த உடனே ஆள் எந்தக் குழு என்று பிடித்துவிடுவார். எனவே எல்லாருக்கும், இரண்டு முழங்கைக்கும், அளப்பவர் அறைக்குள் வர முதலே கிரேப் பாண்டேஜ் சுற்றுங்கோ. வெளிறல் பற்றிச் சம்மதப் பத்திரத்திலும் எழுத வேணும், தமிழிலும் சிங்களத்திலும். சீனி வருத்தக்காரருக்கு ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும். அவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்று இப்பவே முடிவெடுங்கோ.

பிடிமானி:
வலியை மட்டும் கேட்காதீங்கோ. வலியில்லாப் பிடிவலுவையும் அளவுங்கோ. பிடிவலு அளக்கும் ஜாமர் கருவியின் கைப்பிடி இரண்டாம் நிலையில், முழங்கை நேராக, உள்ளங்கை கீழே. "மெதுவாக அழுத்துங்கோ, வலி தொடங்கின உடனே விடுங்கோ". மூன்று தரம், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு, சராசரி. அதிகம் பிழைக்கிறது இதில்தான்: "நல்லா அழுத்துங்கோ" என்று சொல்லிவிட்டால் வந்தது உச்ச வலு, வேறு அளவு. சுகமான கையையும் அளந்து விகிதமாக எழுதுங்கோ.

கழுத்திலிருந்து இறங்கும் சி6 நரம்பு வலியையும், முழங்கையின் வெளி எலும்பு முனைக்கு 3–4 செ.மீ. கீழே நோகும் ரேடியல் நரம்பு நெருக்கலையும் முதலிலேயே விலக்குங்கோ. பயிற்சிக் குழுவுக்குச் சுற்று, எண்ணிக்கை, எடை எழுதும் அட்டை கொடுக்காவிட்டால் ஆள் வீட்டில் செய்ததா என்று ஒருக்காலும் தெரியாது.

தெஹிவளை_பிசியோ:
ஒரு வருடம் எனக்கு இல்லை. பட்டத்துக்கு முன் முடிக்க வேணும். 6 கிழமையை வைத்துக்கொண்டு "குறுகிய கால" என்று தலைப்பில் போட்டால்?

நியம_விலகல்:
போடலாம், ஆனால் கிளினிக்கில் வாசிப்பவர் "ஊசி நல்லம்" என்று மட்டும் எடுத்துக்கொண்டு போவார். எனக்கு அது சரியில்லை. இன்னொன்று, 6ஆம் கிழமை சுகமான ஊசிக்காரர் கிளினிக்குக்குத் திரும்பி வரமாட்டார். நோகிறவர்தான் வருவார். அளவு அங்கேயே கோணலாகும்.

சிகிச்சையை ஒப்பிடுகிற ஆய்வை விடுங்கோ. பிடிமானி சொன்ன பிடிவலு அளவின் நம்பகத்தன்மையை (திரும்ப அளந்தாலும் அதே எண் வருகிறதா என்று) ஆராயலாம்: 50 நோயாளர், இரண்டு அளப்பவர், 2–3 நாள் இடைவெளியில் திரும்ப ஒருதரம், சிகிச்சை மாறாமல். ஊசியும் இல்லை, ஒரு வருடமும் இல்லை. அறநெறி அனுமதி இதற்கும் கட்டாயம். எழுமாற்று ஆய்வாக இருந்தால் முதல் ஆளைச் சேர்க்க முன்னமே இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்திலும் பதிய வேண்டி வரும்.

பிடிமானி:
இரண்டு அளப்பவரையும் ஒரே நாளில் அடுத்தடுத்து வைக்காதீங்கோ. முதல் அளவே வலியைக் கிளப்பும், இரண்டாமவருக்கு எப்போதும் குறையத்தான் வரும். வேறு வழி இல்லையென்றால் யார் முதல் என்பதையாவது எழுமாறாக மாற்றி, இடையில் அரை மணித்தியாலம் விடுங்கோ.