எஸ்.வி. சகஸ்ரநாமம்: திரை நடிகர் ஏன் நாடகத் தயாரிப்பாளர் ஆனார்?

கேள்வி:
'பராசக்தி' (1952) படத்தில் நீதிபதி சந்திரசேகரனாக வந்த எஸ்.வி. சகஸ்ரநாமத்தை இதுவரை திரைப்பட நடிகராக மட்டுமே அறிந்திருந்தேன். அண்மையில் தி. ஜானகிராமனின் நாடகங்களைத் தேடியபோது, அவை இவருடைய 'சேவா ஸ்டேஜ்' குழுவால் மேடையேறியவை என்று தெரிந்தது. திரையில் தொடர்ந்து வாய்ப்பும் வருமானமும் இருந்த ஒருவர், நாடகக் குழு நடத்தும் சுமையை ஏன் ஏற்றுக்கொண்டார்? நடிப்பைத் தவிர்த்துப் பார்த்தால், தயாரிப்பாளராக அவர் செய்தது என்ன?

மறுமொழி 1:
அவர் திரையிலிருந்து நாடகத்துக்கு வந்தவர் அல்லர், டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சிறுவராகச் சேர்ந்து, அங்கிருந்து திரைக்குப் போய், பிறகு மேடைக்குத் திரும்பியவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிறையிலிருந்த காலத்தில், அவருடைய நாடக சபையைக் கலைந்துவிடாமல் பொறுப்பேற்று நடத்தியவரும் சகஸ்ரநாமமே; அந்தச் சபையின் 'பைத்தியக்காரன்' 1947இல் படமாகவும் வந்தது. நடிகர்களுக்குச் சம்பளம் கொடுப்பது, ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது, வசூல் குறைந்த நாளிலும் திரையை உயர்த்துவது ஆகியவற்றை அவர் அப்போதே கற்றுக்கொண்டார் என்று கருதுகிறேன். ஆகவே 1950களில் சேவா ஸ்டேஜைத் தொடங்கியபோது அந்தச் சுமை அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

மறுமொழி 2:
ஐயா சொன்னதோடு முக்கியமான ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவருடைய பெருஞ்சாதனை எழுத்தாளர்களை மேடைக்கு அழைத்துவந்ததே. நாடகக் கம்பெனிகளில் நடிகர்களைப் பயிற்றுவிக்கும் வாத்தியார் எழுதிக் கொடுத்ததே நாடகம் என்றிருந்த மரபில் வளர்ந்தவர், சிறுகதையிலும் நாவலிலும் பெயர்பெற்றவர்களிடம் சென்று நாடகம் கேட்டார் என்பது சாதாரணமான செயல் அன்று. 'மணிக்கொடி' இலக்கிய இதழின் எழுத்தாளர் பி.எஸ். ராமையா 'தேரோட்டி மகன்', 'பிரசிடெண்ட் பஞ்சாட்சரம்', 'போலீஸ்காரன் மகள்' ஆகியவற்றையும், ஜானகிராமன் 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' ஆகியவற்றையும் இக்குழுவுக்கு எழுதினார்கள். பாரதியின் 'பாஞ்சாலி சபத'மும் அங்கே மேடை கண்டது. 'நாலு வேலி நிலம்' 1959இல் முக்தா சீனிவாசன் இயக்கத்தில் படமானது. பிற்காலத்தில் திரையில் புகழ்பெற்ற முத்துராமன் இந்த மேடையில் பயின்றவர். ஒரு தயாரிப்பாளரை மதிப்பிட, அவர் யாரை எழுதவைத்தார், யாரை நடிக்கவைத்தார் என்பதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 3:
இவரோடு ஆர்.எஸ். மனோகரையும் வைத்துப் பார்க்க வேண்டும். 'ராஜாம்பாள்' (1951) படத்தில் கதாநாயகனாக அறிமுகமாகி, பின்னர் வில்லன் வேடங்களில் நிலைபெற்ற அவர், 'நேஷனல் தியேட்டர்ஸ்' குழுவை நடத்தி, 'இலங்கேஸ்வரன்' போன்ற புராண, வரலாற்று நாடகங்களைப் பிரம்மாண்டமான காட்சியமைப்புகளோடும் தந்திரக் காட்சிகளோடும் தயாரித்தார். சகஸ்ரநாமம் எழுத்தை நம்பினார். மனோகர் காட்சியை நம்பினார். கூட்டம் திரட்டியதில் மனோகர் முந்தினார் என்றாலும், இன்று பிரதியாக எடுத்துப் படிக்கத்தக்க நாடகங்களைச் சேவா ஸ்டேஜே அதிகம் விட்டுச்சென்றிருக்கிறது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. முதலில் எதைப் படிக்கலாம்?

மறுமொழி 2:
'போலீஸ்காரன் மகள்' நாடகத்தைப் படித்துவிட்டு, ஸ்ரீதர் இயக்கத்தில் 1962இல் வந்த படத்தையும் பாருங்கள். அதில் போலீஸ்காரராக நடித்திருப்பவர் சகஸ்ரநாமமே, முத்துராமனும் இருக்கிறார். மேடைக்கு எழுதப்பட்ட உரையாடலை அவர் எவ்வளவு நிதானமாகக் கையாளுகிறார் என்பதை அங்கே காணலாம்.